பரிசுத்த பூமிப் பயணம்: சபையார் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் சேகரகுருவாக, அதாவது சில சபைகளைச் சேர்த்துக் கவனிக்கிற போதகராக, இருக்கிறவன் நான். 2023 லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்) எனக்கு ஊழிய ஓய்வு விடுப்பு கிடைத்தது. ஈஸ்டர் முடியும்வரை எருசலேமில் தங்கிப் படித்தேன். பெத்லகேம், சமாரியா, கலிலேயா சுற்றினேன். அப்புறம் யோர்தான் நாடு, சீனாய் மலை. ஊர் திரும்பியதிலிருந்து அசனப் பந்தியிலும் கல்யாண வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

ஓய்வு விடுப்பு என்றால் என்ன ஐயா? உடம்புக்கு ஏதாவதா?

உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு பைபாஸ் நடந்ததாக ஒரு செய்தி பரவியது, நானும் கேள்விப்பட்டேன்.

நம் பக்கத்துச் சபை ஐயர்மாரின் (போதகர்மாரின்) வேலை உங்களுக்குத் தெரியும். ஞாயிறு ஒரு சபையில் விடிகாலை ஆராதனை, முடிந்ததும் அடுத்த சபை. வாரநாளில் அடக்கம், கல்யாணம், வீடு பிரதிஷ்டை. பள்ளிக்கூடத் தாளாளர் என்கிற முறையில் கட்டடச் சான்றிதழ், ஆசிரியர் சம்பளப் பட்டியல். பிரசங்கம் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தயாராகிறது. வருஷக்கணக்கில் இப்படியே ஓடினால், போன பஸ்கா காலத்தில் சொன்னதையே இந்த முறையும் சொல்லிக்கொண்டிருப்போம், சபையாரும் தூங்கிக்கொண்டே ஆமென் சொல்வார்கள். அதனால்தான் வேலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, படிக்கவும் ஜெபிக்கவும் சில வாரம் விலகியிருக்க அனுமதிக்கிறார்கள். மேற்கத்திய சபைகளில் இது சாதாரணம். நம்மிடம் அபூர்வம்.

பணம் யார் கொடுத்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான். பாதி என் சேமிப்பு. மீதி, வெளிநாட்டில் இருக்கிற உறவினர் சிலர் கொடுத்தது. சபைப் பணம் ஒரு பைசா இல்லை, காணிக்கைக் கவரும் யாருக்கும் போகவில்லை.

நாம் புரொட்டஸ்டண்ட் ஆயிற்றே. புனிதப் பயணம் நம் வழக்கமா?

கடமை என்று பார்த்தால், கிடையாது. ஒரு கிறிஸ்தவன் எருசலேமுக்குப் போகாமலே செத்தால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சபைச் சீர்திருத்தக் காலத்தில் மார்ட்டின் லூத்தர் முதலானவர்கள் புனிதப் பயணத்தைக் கடிந்து பேசியதற்குக் காரணம் இருந்தது. போய்வந்தால் பாவத் தண்டனை கழியும் என்று அப்போது சபையே சொல்லிக்கொடுத்தது. அந்தக் கண்டனத்தில் நான் இன்றைக்கும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

ஆனால் சமாரியாவின் நாப்லூஸ் ஊரில், இயேசு ஒரு சமாரியப் பெண்ணோடு பேசிய யாக்கோபின் கிணற்றைப் பார்த்த பிறகு, இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருப்பது தெரிந்தது. வேதத்தில் வருகிற சீகேம் அதை ஒட்டித்தான் இருந்தது. கிணறு இப்போது ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயத்துக்குள் இருக்கிறது. பலிபீடத்துக்குக் கீழே நிலவறை. குனிந்து படியிறங்கிப் போனால் கல்லில் ஒரு குறுகிய வாய், அதன் மேல் கைப்பிடி சுற்றி வாளி இறக்குகிற உருளை. ஆழம் ஏறக்குறைய 40 மீட்டர். அங்கிருந்தவர் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுக் கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். ஊற்றினது இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. விழுந்த சத்தம் வருமா வராதா என்று சந்தேகப்பட்ட பிறகுதான் வந்தது. உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் கிணற்றில் இறைத்து வளர்ந்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமுமில்லை, கிணறும் ஆழமாயிருக்கிறதே’ என்று சமாரியப் பெண் சொன்னதை நான் எத்தனையோ பிரசங்கத்தில் விசுவாசக் குறைவு என்று பேசியிருக்கிறேன். உச்சிவெயிலில் அத்தனை ஆழத்திலிருந்து குடத்தைத் தூக்குகிறவள் பேசுகிற பேச்சு அது. அவள் கணக்கு சரி.

கிணற்றடியிலிருந்து வெளியே வந்தால் எதிரே சமாரியர் தொழுகிற கெரிசீம் மலை. ‘இந்த மலை’ என்று இருவரும் பேசிக்கொண்டது அதைத்தான். இந்த மலையிலும் எருசலேமிலும் மாத்திரமல்ல, எங்கும் பிதாவைத் தொழுதுகொள்ளும் காலம் வருகிறது என்று ஆண்டவர் சொன்னது அங்கே வைத்துத்தான். தொழுகைக்கு இடம் தேவையில்லை என்று நாம் நீட்டிக் காட்டுகிற வசனத்துக்கே ஒரு மலையும் ஒரு கிணறும் ஒரு வெயில் வேளையும் இருக்கின்றன. ஆகவே புண்ணியம் தேடிப் போகாதீர்கள். வேதத்தைக் கவனமாக வாசிக்கிற ஆசையில் போவதென்றால் எந்தச் சீர்திருத்தக்காரரும் தடுக்க மாட்டார்.

இயேசுவின் கல்லறை இரண்டு இருக்கிறதாமே. எது உண்மை?

பரிசுத்த கல்லறை ஆலயம் பழைய எருசலேமின் மதிலுக்குள் இருக்கிறது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய முதல் ஆலயம் 335-ல் பிரதிஷ்டையானது. தோட்டக் கல்லறை மதிலுக்கு வெளியே, தமஸ்கு வாசலுக்கு வடக்கே. 1883-ல் ஜெனரல் கார்டன் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் பக்கத்துக் குன்றின் பாறையில் மண்டையோட்டுச் சாயலைக் கண்டு, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா (மண்டையோட்டு இடம்) இதுதான் என்று வாதாடினார். மரமும் பூவும் அமைதியுமாக இருக்கிற அந்தத் தோட்டம் நம் ஆட்களுக்கு உடனே பிடித்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்து பாடலாம், திருவிருந்தும் ஆசரிக்கலாம்.

என்னைக் கேட்டால், சான்று பெரிய ஆலயத்தின் பக்கம்தான். மதிலுக்குள் இருப்பது எப்படிக் கல்லறையாக முடியும் என்று கேட்பீர்கள். சிலுவையில் அறைந்த காலத்தில் அந்த இடம் மதிலுக்கு வெளியே இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஏரோது அகிரிப்பா காலத்தில் எழும்பிய மதில்தான் அதை ஊருக்குள் இழுத்தது. தோட்டக் கல்லறையோ இயேசுவுக்குப் பல நூறு வருஷத்துக்கு முந்திய, யூதா ராஜாக்கள் காலத்து அமைப்பு என்று தொல்லியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ‘ஒருக்காலும் ஒருவனும் வைக்கப்பட்டிராத ஒரு புதிய கல்லறை’ என்ற வசனத்தோடு அது ஒத்துவரவில்லை.

ஆனால் பெரிய ஆலயத்துக்குள் போகும் நம் சபையார் பலர் முகம் சுளித்துக்கொண்டு வருவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இருட்டு, புகை, தள்ளுமுள்ளு. கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர் என்று ஆறு சபைகள் ஒரே கட்டடத்தைப் பங்குபோட்டிருக்கின்றன. புரொட்டஸ்டண்டுக்கு அங்கே ஒரு தூண்கூட இல்லை. எந்த விளக்கை யார் துடைப்பது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதுவரை ஒட்டோமான் சுல்தான் காலத்து ஏற்பாடு இன்றும் நடக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு ஜன்னலடியில் சின்ன மர ஏணி ஒன்று சாய்ந்திருக்கிறது. எடுக்கிற உரிமை யாருக்கு என்பது தீராததால் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அது அங்கேயே நிற்கிறது. ஆலயச் சாவி தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது. கேஸ், ஸ்டே ஆர்டர் என்று பழகிப்போன நமக்கு இதெல்லாம் ஒன்றும் புதிதில்லை. அந்த ஏணியடியில் நின்றுகொண்டு மற்ற சபைகளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

யோர்தானில் ஞானஸ்நானம் எடுத்தீர்களா?

இல்லை. எனக்குக் குழந்தையிலேயே ஆயிற்று. ஒரே ஞானஸ்நானம் என்று விசுவாசப்பிரமாணத்தில் அறிக்கையிடுகிற நாம், இடம் நல்ல இடம் என்பதற்காக இன்னொன்று எடுக்க முடியாது. உடன்படிக்கையைப் புதுப்பித்து ஜெபிக்க விரும்பினால் ஜெபிக்கலாம். நானும் தண்ணீரில் கால் வைத்து ஜெபித்தேன்.

ஆற்றைப் பார்த்து ஏமாறாமல் இருக்கத் தயாராகப் போங்கள். எரிகோவுக்குப் பக்கத்தில், யோவான் ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்லப்படுகிற இடத்தில், யோர்தான் கலங்கலாக, மிகக் குறுகலாக ஓடுகிறது. அக்கரையில் யோர்தான் நாட்டுச் சிப்பாய், இக்கரையில் இஸ்ரேல் சிப்பாய். நடுவே வெள்ளை அங்கி போட்ட ரஷ்யப் பாட்டிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குகிறார்கள். பாபநாசத்தில் குளித்த கண்ணுக்கு இது வாய்க்கால். மேலே இஸ்ரேலும் யோர்தானும் சிரியாவும் தண்ணீரை எடுத்துவிடுவதால் கீழ்ப்பகுதிக்குப் பழைய ஓட்டத்தில் மிகச் சின்னப் பங்குதான் வந்துசேர்கிறது. கரைப் பக்கத்து வயல்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இன்னும் நிற்கின்றன.

யோர்தான் தண்ணீர், எண்ணெய், மண் கொண்டுவந்தீர்களா?

ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் மட்டும், அதுவும் படுக்கையில் இருந்த ஒரு பாட்டிக்காக. அவர் கேட்டார், மறுக்க மனம் வரவில்லை. பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறபோது தொட்டியில் இரண்டு சொட்டு விடலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்: தாமிரபரணித் தண்ணீர் போதும்.

சாக்கடலில் மிதந்தீர்களா?

மிதந்தேன். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அதே ஞாபகம்தான். சாதாரணக் கடலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு, தூத்துக்குடி உப்பளத்து ஆட்களே அசந்துபோவார்கள். கடல் மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே இருக்கிறது. யோர்தான் தண்ணீர் வராததாலும், இரு கரையிலும் தாது எடுக்கத் தண்ணீரைக் காயவைப்பதாலும் வருஷத்துக்கு ஒரு மீட்டர் அளவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கலிலேயாக் கடல் எப்படி? பேதுரு மீன் சாப்பிட்டீர்களா?

கடல் இல்லை, நன்னீர் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 13. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியும். மணப்பாட்டுக் கடலையும் கூத்தங்குழிக் கடலையும் பார்த்தவர்களுக்கு, இதிலா சீஷர்கள் ‘மடிந்துபோகிறோம்’ என்று கத்தினார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, மத்தியானம்வரைக்கும். ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல் கீழே பள்ளத்தில் கிடக்கிறது, சுற்றிலும் மேடு. மேட்டின் குளிர்காற்று பள்ளத்துச் சூட்டுக்குள் சடாரென்று இறங்குகிறது. அன்று மாலை படகுக்காரர் கரைக்குத் திருப்பியபோது கூட்டத்தில் யாருமே போட்டோ எடுக்கவில்லை.

கினோசர் கரையில் ஒரு பழைய படகை வைத்திருக்கிறார்கள். 1986-ல் வறட்சியில் ஏரி வற்றியபோது மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் கண்டெடுத்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது, நீளம் 8 மீட்டர் சொச்சம். பல வகை மரத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஒட்டின இடத்திலேயே மறுபடி ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். புதுப் பலகை வாங்க வழியில்லாதவன் படகு. ‘எல்லாவற்றையும் விட்டு’ப் பின்சென்றார்கள் என்று வாசிக்கிறபோது அந்த எல்லாமும் எவ்வளவு என்று இப்போது எனக்கு ஓர் அளவு இருக்கிறது.

பேதுரு மீனா? தட்டில் தலையோடு பொரித்து, பக்கத்தில் உருளைக்கிழங்கு வைத்துக் கொண்டுவருகிறார்கள். டாலரில் விலை. அது திலாப்பியா இனம். நம் குளத்தில் ஜிலேபிக் கெண்டை என்று கிலோ கணக்கில் அள்ளுகிறோமே, அதன் சொந்தக்காரன். என் மனைவி வைக்கிற குழம்பு இதைவிட மேல்.

அந்த நாசரேத்தும் நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தும்?

அது பெரிய பட்டணம், இஸ்ரேலில் அரபு மக்கள் அதிகம் வாழ்கிற நகரம். இப்போது முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. டிராபிக் நம்ம ஊரைவிட மோசம்.

எந்த இடத்தில் மனம் உருகியது?

எல்லோரும் கெத்செமனே என்று எதிர்பார்க்கிறார்கள். ஒலிவ மரங்கள் அழகுதான், ஆனால் ஆய்வு செய்து பார்த்ததில் இப்போது நிற்கிற அடிமரங்களின் வயது சுமார் 900 வருஷம். அதற்குமுன் ஆண்டவர் காலத்து மரம் என்று நம்பிப் பட்டையைத் தொட்டு அழுதவர்கள் உண்டு. நான் அழவில்லை.

எனக்கு உருகியது எருசலேம் செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில், ஒரு ஞாயிறு காலை அரபு ஆராதனையில். ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து சபை வழியில் வந்த ஆலயம், 1898-ல் பிரதிஷ்டையானது. எனக்கு அரபு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் பாவ அறிக்கை எது, விசுவாசப்பிரமாணம் எது, எப்போது முழங்கால் போட வேண்டும் என்பதில் நான் ஒரு இடத்திலும் தவறவில்லை, ஏனென்றால் அது நம்ம ஒழுங்குதான். ஆராதனை முடிந்து ஏலக்காய் மணக்கும் காபி கொடுத்தார்கள். மிஷனரி ரேனியஸ் ஐயரை 1820-ல் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷன் சங்கம் 1851-ல் பாலஸ்தீனத்திலும் வேலை தொடங்கியது. ‘அப்படியானால் நாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்’ என்று ஒரு முதியவர் சொல்லி என் கையை விடவே இல்லை.

அவர் தங்கை பெத்லகேமில் இருக்கிறார். பாளையங்கோட்டையிலிருந்து தாழையூத்து போகிற தூரம்தான். நடுவே சுவரும் சோதனைச் சாவடியும். பண்டிகைக்கு அனுமதிச் சீட்டு வந்தால் தங்கை வரலாம், வராவிட்டால் போனில் வாழ்த்து. நான் அந்தச் சாவடியை இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி நிமிஷத்தில் கடந்தேன்.

காசாவில் அல் அஹ்லி ஆஸ்பத்திரி என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அதையும் சி.எம்.எஸ். தான் 1882-ல் தொடங்கியது, இப்போது எருசலேம் ஆங்கிலிக்கன் திருமண்டலம் நடத்துகிறது. 2023 அக்டோபர் 17-ல் அதன் வளாகத்தில் நடந்த வெடிப்பில், அடைக்கலம் தேடி வந்திருந்தவர்கள் பலர் மாண்டார்கள். மறுநாள் அந்த முதியவரின் முகம்தான் கண்முன் நின்றது.

அப்படியானால் நீங்கள் யார் பக்கம் ஐயா?

இந்தக் கேள்வியில் என்னை மாட்டிவிடப் பார்க்கிறவர்களும் உண்டு. சரி, சொல்கிறேன். வேதத்தில் வருகிற இஸ்ரவேலையும் 1948-ல் உண்டான இஸ்ரேல் அரசையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அந்த அரசு செய்கிற எதுவும் தீர்க்கதரிசன நிறைவேறுதல் என்று பிரசங்கிப்பது தவறு. யூதர்கள் மேல் பழைய வெறுப்பை வளர்ப்பதும் தவறு. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை நினைவுகூருகிற யாத் வஷேமில் நான் ஒரு பகல் முழுக்க இருந்தேன், அதைப் பார்க்காமல் யாரும் திரும்ப வேண்டாம். அங்கே வாழ்கிற கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அரபு பேசுகிறவர்கள் என்பதே நம் சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. முதலில் அதைத் தெரிந்துகொள்வோம், கொடி பிடிப்பதை அப்புறம் பார்க்கலாம்.

போய்வந்த பிறகு வேதம் வாசிப்பதில் என்ன மாறியது?

மேடு பள்ளம் தெரிகிறது. எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் 750 மீட்டர், எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250. நடுவே சாலை 25 கிலோமீட்டர் சொச்சம்தான். நல்ல சமாரியன் கதையில் வருகிற வழி இப்படி ஆயிரம் மீட்டர் இறக்கம், வளைவுக்கு வளைவு ஒளிந்துகொள்ளப் பாறை. அடிபட்டவனைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு அதில் நடப்பது சின்ன உதவி இல்லை.

வனாந்தரமும் மாறிவிட்டது. நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் யூதேய வனாந்தரம் வரையச் சொன்னால் செம்மணல் தேரிக்காட்டை வரைந்து ஓரமாக ஒரு பனையும் வைக்கிறார்கள். அங்கே மணல் கிடையாது, மொட்டைச் சுண்ணாம்புக் கல் மலை. ‘இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி’ என்று சோதனைக்காரன் சொன்னானே, கால் வைத்த இடமெல்லாம் கல்தான், அதுவும் உருண்டையாக, ரொட்டி அளவில்.

குருத்தோலை ஞாயிறும் அப்படியே. பெத்பகேயிலிருந்து ஒலிவ மலை இறங்குகிற பவனியில் நடந்தேன். கையில் பேரீச்ச ஓலையும் ஒலிவக் கிளையும். நம் பிள்ளைகள் பின்னுகிற சிலுவை அங்கே யாருக்கும் வரவில்லை, என் பக்கத்தில் வந்த இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்களுக்குச் செய்து காட்டினேன். அந்த வருஷம் ரமலான், பஸ்கா, ஈஸ்டர் மூன்றும் ஒன்றாக வந்தன. ஊரே மூச்சுமுட்டி இருந்தது.

தமிழை எங்காவது பார்த்தீர்களா?

ஒலிவ மலையில் பரமண்டல ஜெப ஆலயத்தில். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கர்த்தர் கற்பித்த ஜெபம் ஓட்டுப் பலகைகளில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. நம் ஆட்கள் போட்டோ எடுக்க வரிசையில் நிற்பார்கள்.

வயசானவர்கள் போகலாமா?

போகலாம், முழங்கால் சம்மதித்தால். பழைய எருசலேம் முழுக்கப் படிக்கட்டும் வழுக்குகிற கல்தளமும்தான். ஊருக்குள் பஸ் வராது. பெத்லகேம் பிறப்பிட ஆலயத்தின் வாசல் நாலடி உயரம், குனிந்துதான் நுழைய வேண்டும். சீனாய் 2,285 மீட்டர், ராத்திரியில் ஏறுவார்கள். அறுபது தாண்டியவர்கள் அடிவாரத்துப் புனித கத்தரீனாள் மடத்தோடு திருப்திப்படலாம், அது ஆறாம் நூற்றாண்டுக் கட்டடம். மூட்டுவலி மாத்திரையைச் சீட்டோடு எடுத்துப்போங்கள். புது செருப்பு வேண்டாம்.

அரசு உதவித்தொகை உண்டா?

தமிழ்நாடு அரசு 2011-லிருந்து கிறிஸ்தவர்களின் எருசலேம் பயணத்துக்கு மானியம் தருகிறது. முதலில் 20,000 ரூபாயாக இருந்தது, பிறகு 37,000 ஆயிற்று. அருட்சகோதரிகளுக்கு 60,000. எல்லோருக்கும் கிடைப்பதில்லை, எண்ணிக்கை வரையறை உண்டு. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள்.

மீதிக்குக் கடன் வாங்கலாமா?

வேண்டாம். நகையை வைத்துப் போய்வந்து, வட்டி கட்ட முடியாமல் என்னிடம் ஜெபிக்க வந்தவர்கள் இருக்கிறார்கள். மகள் படிப்புக்கு வைத்த பணத்தில் போய் ஒலிவ மலையில் நின்று பாடினால் அந்தப் பாட்டு மேலே போகுமா என்பது எனக்குச் சந்தேகம்.

சபையிலிருந்து ஒரு குழுவாக எங்களைக் கூட்டிப்போவீர்களா?

சண்டை ஓய்ந்து, வெளியுறவு அமைச்சகம் போகலாம் என்று சொன்ன பிறகு பார்க்கலாம். சில நிபந்தனைகள் உண்டு. இத்தனை பேரைச் சேர்த்தால் ஐயருக்கு டிக்கெட் இலவசம் என்று சொல்கிற ஏஜெண்டு வேண்டாம், அந்த டிக்கெட்டை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஒரு நாளைக்கு எட்டு இடம் என்கிற அட்டவணை வேண்டாம், மூன்று போதும். யாக்கோபின் கிணறு பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும், நாப்லூஸ் சுற்றுவழி என்று ஏஜெண்டுகள் விட்டுவிடப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு அங்கத்திய சபையோடு ஆராதனை, அன்று ஷாப்பிங் கிடையாது. ‘எருசலேம் யாத்திரிகர்’ என்று பண்டிகை போஸ்டரில் பேருக்கு முன்னால் போட ஆசைப்படுகிறவர்கள் வேறு குழு பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு, யோவான் சுவிசேஷம் நாலாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வந்து பேர் கொடுங்கள்.